காயல் மண்ணில் எழுந்த நகரம்

ஒரு நகரத்துக்கு வேண்டிய நிலத்தையே ஒரு பொறியாளர் உருவாக்கித் தர முடியுமா? கொச்சியில், மட்டாஞ்சேரிக்கும் எர்ணாகுளத்துக்கும் நடுவே காயலில் கிடக்கும் வெலிங்டன் தீவு அதற்கு விடையாகும்.

அந்நாளில் கொச்சிக் காயலின் முகத்துவாரத்தைக் கெட்டியான மணல்திட்டு ஒன்று மறித்துக்கிடந்தமையால், பெருங்கப்பல்கள் வெளியே ஆழ்கடலிலேயே நங்கூரமிட, சரக்குகள் படகுகளில் ஏறிக் கரை சேர்ந்தன. 1920-இல் இங்கு வந்த ஆங்கிலேயப் பொறியாளர் இராபர்ட் பிரிஸ்டோ, அலையின் போக்கையும் மண்ணின் தன்மையையும் பொறுமையாக ஆராய்ந்த பின்னரே, அத்திட்டை வெட்டி வழிதிறக்கும் பணியில் இறங்கினார். நீரடி மண்ணை இயந்திரத்தால் அள்ளி ஆழப்படுத்தும் இப்பணியே தூர்வாருதல் எனப்படும். அவருடைய திட்டத்தின் உண்மையான அழகு, அள்ளிய மண்ணை வீணாக்காமல் வெண்டுருத்தி என்னும் சிறு தீவை ஒட்டிக் கொட்டி, புதுநிலம் எழுப்பியதில்தான் இருக்கிறது. கப்பலுக்கு ஆழமும் துறைமுகத்துக்கு இடமும் ஒரே உழைப்பில் கிடைத்தன. 1928 மே மாதத்தில் 'பத்மா' என்னும் நீராவிக்கப்பல் புதிய வழியாக உள்ளே நுழைந்தது.

சென்னை மாகாண ஆளுநராயிருந்த வெலிங்டன் பிரபுவின் பெயரைத் தாங்கிய அந்தப் புதுநிலத்தில் கப்பல்துறை, சரக்குக் கிடங்குகள், இருப்புப்பாதை, அலுவலகங்கள், குடியிருப்புகள் எனத் துறைமுக நகரமொன்று உருவாயிற்று. கொச்சித் துறைமுகத்தின் தலைமை அலுவலகம் இன்றும் அத்தீவில்தான் இயங்குகிறது.