பந்து வீசும் பிள்ளையின் முதுகுவலியை அலட்சியம் செய்யாதீர்கள்



ஞாயிற்றுக்கிழமை சுபுஹு தொழுகை முடிந்ததும் தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கத்து மைதானங்களில் நம் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடக் கூடிவிடுகிறார்கள். கைபேசியை வைத்துவிட்டு வெயிலில் ஓடுவது நல்லதுதான். ஆனால் வேகப்பந்து வீசும் பிள்ளை "இடுப்பு வலிக்குது" என்று சொன்னால், தைலம் தடவிவிட்டு அடுத்த வாரமும் அனுப்பிவிடுகிறோம். அந்த வலி சாதாரணப் பிடிப்பாக இல்லாமல், முதுகெலும்பில் விழுந்த விரிசலாகவும் இருக்கலாம்.

எலும்பில் விரிசல் ஏன் வருகிறது?

வேகமாக ஓடிவந்து பந்தை விடும் நொடியில், முன்னங்கால் தரையில் இறங்கும்போது உடல் எடையைப் போல 5 மடங்குக்கும் மேலான விசை உடலில் ஏறக்கூடும். அதே நொடியில் இடுப்பு பின்பக்கமும் பக்கவாட்டிலும் வளைந்து திரும்புகிறது. ஒரு பந்தில் எதுவும் ஆகாது. ஓய்வே இல்லாமல் நூற்றுக்கணக்கான பந்துகள் வீசும்போது, கீழ்முதுகு எலும்பின் மெல்லிய பகுதியில் மயிரிழை அளவு விரிசல் விழுகிறது. இதை ஸ்ட்ரெஸ் ஃபிராக்சர் என்கிறார்கள். வளரும் வயதில் அந்த எலும்பு முழு உறுதி பெற்றிருக்காது. அதனால் பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்கே ஆபத்து அதிகம்.

டென்னிஸ் பந்துதானே என்று நினைக்க வேண்டாம். பந்தின் எடை குறைவு என்றாலும் கால் தரையில் இறங்கும் விசை குறைவதில்லை. காய்ந்த கட்டாந்தரையிலோ சிமெண்ட் தரையிலோ செருப்போடு அல்லது வெறுங்காலோடு வீசினால் அதிர்ச்சி இன்னும் கூடும்.

பெரிய வீரர்களும் தப்பவில்லை

ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லிக்கு 1973-ல் முதுகெலும்பில் இந்த விரிசல் வந்தது. நீண்ட ஓய்வும் பயிற்சியும் எடுத்த பிறகே அவர் மீண்டும் ஆடினார். 1987-ல் சென்னையில் தொடங்கிய எம்.ஆர்.எஃப். பேஸ் பவுண்டேஷனில் நம் நாட்டு இளைஞர்களுக்குப் பல ஆண்டுகள் பயிற்சி அளித்தவரும் இவரே. சென்னையின் லட்சுமிபதி பாலாஜியும் முதுகுக் காயத்தால் நீண்ட காலம் ஒதுங்கியிருந்தார். பிறகு 2008-ல் ஐ.பி.எல். போட்டியின் முதல் ஹாட்ரிக்கை எடுத்தார். பும்ராவுக்கு 2023-ல் முதுகில் அறுவை சிகிச்சையே நடந்தது. மருத்துவரும் பயிற்சியாளரும் கூடவே இருக்கும் இவர்களுக்கே இந்த நிலை என்றால், யாரும் கணக்கு வைக்காத நம் பிள்ளைகளின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

பந்துகளை எண்ணுங்கள்

இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் இளம் வேகப்பந்து வீச்சாளர்களுக்குப் பல ஆண்டுகள் கடைப்பிடித்த வரம்பு இது:

13 வயது வரை: தொடர்ச்சியாக 5 ஓவர், ஒரு நாளில் 10 ஓவர்.
14, 15 வயது: தொடர்ச்சியாக 6 ஓவர், ஒரு நாளில் 12 ஓவர்.
16, 17 வயது: தொடர்ச்சியாக 7 ஓவர், ஒரு நாளில் 18 ஓவர்.

வாரத்தில் 4 நாளுக்கு மேல் வீசக் கூடாது. தொடர்ந்து 2 நாளுக்கு மேலும் கூடாது. வலைப்பயிற்சியில் வீசும் பந்துகளும் இந்தக் கணக்கில் சேரும். பள்ளி அணி, தெரு அணி, ஞாயிறு டோர்னமென்ட் என்று ஒரே பிள்ளை மூன்று இடங்களில் ஆடினால், மொத்தக் கணக்கு வீட்டில்தான் தெரியும். ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

வீசும் முன் 10 நிமிடம் மெதுவாக ஓடி உடலைச் சூடாக்க வேண்டும். முதல் சில பந்துகளைப் பாதி வேகத்தில் வீச வேண்டும். அடிப்பாகம் மெத்தென்ற ஷூ அவசியம். நோன்பு நாட்களில் பகலில் தண்ணீர் இல்லாமல் வேகமாக வீச வேண்டாம். தராவீஹுக்குப் பிறகு ஆடினாலும் ஸஹர் வரை விழித்துக் களைத்த உடம்போடு வீசுவது காயத்தை அழைப்பதுதான்.

எப்போது நிறுத்த வேண்டும்?

கீழ்முதுகில் ஒரு பக்கமாக வலி, பின்பக்கம் வளைந்தால் வலி கூடுவது, வீசிய பிறகு வந்து ஓய்வெடுத்தால் குறைந்து மீண்டும் வீசினால் திரும்புவது ஆகியவை அறிகுறிகள். வலக்கையால் வீசுபவருக்குப் பெரும்பாலும் இடப்பக்கம் வலிக்கும். இப்படி இருந்தால் அன்றே பந்துவீச்சை நிறுத்துங்கள். சுளுக்கு என்று நினைத்து நீவி விடுவதோ முறுக்கி எடுப்பதோ வேண்டாம். எலும்பு மருத்துவரிடம் காட்டி, பிள்ளை வேகப்பந்து வீசுபவன் என்பதையும் சொல்லுங்கள். ஆரம்ப விரிசல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். எம்.ஆர்.ஐ. தேவைப்படலாம். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு மருத்துவப் பிரிவு உள்ளது. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் சில மாத ஓய்வில் பெரும்பாலும் குணமாகிவிடும். மறைத்தால் விரிசல் முழு முறிவாகலாம்.

டீமில் இடம் போய்விடும் என்ற பயத்தில்தான் பிள்ளைகள் வலியை மறைக்கிறார்கள். ஆகவே மஹல்லாவில் போட்டி நடத்தும் சகோதரர்களே, நன்றாக வீசுகிறான் என்பதற்காக ஒரே பிள்ளையிடம் எல்லா ஓவரையும் கொடுக்காதீர்கள். வலிக்கிறது என்று சொல்பவனுக்கு அடுத்த போட்டியில் இடம் உண்டு என்பதை முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். உடல் அல்லாஹ் நமக்குத் தந்த அமானிதம். அதைப் பேணும் பொறுப்பு பிள்ளைக்கு மட்டுமல்ல, அவனை ஆட அனுப்பும் நமக்கும், ஆட வைக்கும் உங்களுக்கும் உண்டு.