மூலத்துக்கு வெளியே நிற்கும் எண்

உங்கள் திரையில் இப்போது தோன்றுவது, உள்ளங்கையில் அடங்கிவிடக்கூடிய வட்டமான ஒரு களிமண் வில்லை. ஏறத்தாழ 3,700 ஆண்டுகளுக்கு முன்னர், பாபிலோனிய நாட்டில், கணக்குப் பயின்ற ஒரு மாணாக்கனாகவே இருக்கக்கூடும் என்று அறிஞர் கருதும் ஒருவன், மண்ணின் ஈரம் உலருமுன்னே அதில் ஒரு சதுரத்தையும் அதன் கர்ணங்களையும் கீறி, பக்கத்தின்மீது 30 என்றும், கர்ணத்தின்மீது 1, 24, 51, 10 என்றும், அதன் கீழே 42, 25, 35 என்றும் ஆப்பெழுத்தில் பதித்துவைத்தான். இன்று யேல் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படும் அவ்வில்லையின் எண்கள் அறுபதை அடிப்படையாகக் கொண்டவை. அவற்றை நம்முடைய தசமத்துக்கு மாற்றினால், கர்ணத்தின்மீதுள்ளது 1.41421, அதாவது இரண்டின் வர்க்கமூலம் என்பதும், கீழே உள்ளது 42.4264, அதாவது அம்மூலத்தை முப்பதால் பெருக்கிய பலன் என்பதும் விளங்கும்.

ஒரு வர்க்கமூலத்தை ஓர் எண்ணால் பெருக்குவது, எழுதும் அளவில் மிகச் சுலபம். √2-ஐ 3-ஆல் பெருக்கினால் 3√2 என்று அருகருகே எழுதிவிடலாம். அதை மேலும் 4-ஆல் பெருக்கினால் 12√2. சங்கடம் பிறப்பது, மூலக்குறிக்கு வெளியே நிற்கும் எண்ணை உள்ளே கொண்டுசெல்ல முற்படும்போதுதான். அப்போது 3√2-ஐ √6 என்று எழுதிவிடுகிற மாணவர் பலர். அடுத்தடுத்து நிற்கும் இரண்டு எண்களைக் கண்டவுடன் பெருக்கத் தோன்றுவது இயல்பாதலால், அவர்கள்மீது குற்றம் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஆயினும் 3√2-இன் மதிப்பு ஏறக்குறைய 4.24, √6-இன் மதிப்போ 2.45.

காரணத்தைத் தரையிலே காண்போம். ஒவ்வொன்றும் 2 சதுர அடி பரப்புள்ள சதுரக் கற்கள் நம்மிடம் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். பரப்பு 2 என்றால் பக்கம் √2 அடி. மூன்று கற்களை வரிசையாகப் பதித்தால் அந்த வரிசையின் நீளம் 3√2 அடி. இந்த நீளத்தையே பக்கமாகக் கொண்டு ஒரு முழுச் சதுரம் அமைக்க எத்தனை கற்கள் வேண்டும்? ஒரு வரிசை போதாது; மூன்று வரிசைகள், ஆக ஒன்பது கற்கள் வேண்டும். பரப்பு 18 சதுர அடி. ஆகவே பக்கம் √18 அடி. வர்க்கமூலக் குறியின் உள்ளே இருப்பது பரப்பு, வெளியே இருப்பது நீளம். நீளம் மூன்று மடங்காகும்போது பரப்பு ஒன்பது மடங்காகிவிடுவதால், வெளியே மூன்றாக நின்ற எண் உள்ளே ஒன்பதாகத்தான் புக முடியும்.

திரும்பி வரும் வழியும் இதுவே. √45-இல் 9 மறைந்திருக்கிறது; அது 3 ஆகி வெளியே வர, 3√5 கிடைக்கிறது. எண் ருணமாக இருந்தால் அதன் குறியை வெளியிலேயே நிறுத்திவிட வேண்டும்: −3√2 என்பது −√18.

மூலக்குறியை 1525-இல் ஜெர்மானியரான கிறிஸ்டோஃப் ருடோல்ஃப் தம் நூலில் அச்சேற்றியபோது அதற்கு மேற்கோடு கிடையாது. 1637-இல் கணித அறிஞர் டெகார்ட் அந்தக் கூரையை வேய்ந்த பின்னரே, உள்ளே இருப்பது எது, வெளியே நிற்பது எது என்பது பார்த்த மாத்திரத்தில் தெரியலாயிற்று. ஆகையால் எழுதும்போது அந்தக் கோட்டைச் சரியாக முடிக்க வேண்டுமென்று நான் வற்புறுத்துவேன்.

இனி உங்கள் முறை. 4√5-ஐ உள்ளே கொண்டுசெல்லுங்கள். √98-ஐ வெளியே கொண்டுவாருங்கள். முன்னதற்கு √80-ம் பின்னதற்கு 7√2-ம் விடை. விடையைச் சொல்லிவிட்டேன் என்று நிறுத்திவிடாமல், ஒவ்வொன்றுக்கும் கற்களைக் காகிதத்தில் வரைந்து, எண்ணிப் பாருங்கள்.