மலையில் வீடு தேடும் இராணுவக் குடும்பங்கள்: குன்னூரில் பார்த்ததும் கேட்டதும்

தமிழ்நாட்டின் நீலகிரி மாவட்டத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,850 மீற்றர் உயரத்தில் இருக்கிறது குன்னூர். அங்கும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் நடந்துபோனால் கேற்றுகளில் ஒரே மாதிரியான பெயர்ப்பலகைகளைக் காணலாம். கேணல் இன்னார், பிரிகேடியர் இன்னார், பெயருக்குப் பின்னால் அடைப்புக்குள் 'ஓய்வு'. பஞ்சாபிப் பெயர், மலையாளப் பெயர், வங்காளப் பெயர், குடகுப் பெயர் என்று எல்லாம் இருக்கும். இவர்களில் அநேகமாக யாருக்கும் நீலகிரி பிறந்த ஊர் அல்ல. முப்பது வருடம் இராணுவத்தில் இருந்துவிட்டு, சொந்த ஊருக்குப் போகாமல் இந்த மலையில் ஏன் வந்து குடியேறுகிறார்கள்?

குளிர், நல்ல காற்று, தேயிலைச் சரிவின் அழகு என்றுதான் கேட்டவுடன் சொல்வார்கள். அது பொய்யில்லை. ஆனால், அழகான மலை இந்தியாவில் நிறைய இருக்கிறது.

எனக்கு இந்த விடயம் தெரிய வந்தது உறவு வழியாக. எங்கள் குடும்பம் 1977 வன்செயலோடு தோட்டத்தை விட்டுக் கிளிநொச்சிக்கு வந்தது. அதற்கு முன்பே அப்பாவின் தங்கை, என் அத்தை, சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் கணவரோடு இந்தியாவுக்குப் போய்விட்டார். குன்னூரிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீற்றர் தள்ளியிருக்கும் கோத்தகிரிப் பக்கம்தான் அவரது சீவியம். மச்சான், அதாவது அத்தையின் மகன், இப்படிப்பட்ட ஓய்வுபெற்ற குடும்பங்களுக்குக் கார் ஓட்டுகிறார். அவர்கள் வெளியூர் போனால் வீட்டையும் பார்த்துக்கொள்கிறார். வீடு தேடி வரும் புதியவர்களை ஊர் ஊராகக் கூட்டிப்போய்க் காட்டுவதும் அவர் வேலை. யுத்தம் முடிந்தபிறகு மூன்று தடவை அங்கே போய்த் தங்கியிருக்கிறேன்.

"மொதல்ல வீட்டப் பாக்கமாட்டாங்க மச்சான். மிலிட்டரி ஆஸ்பத்திரிக்கு எத்தன நிமிசம்னுதான் கேப்பாங்க" என்றார் அவர்.

குன்னூரை ஒட்டியிருக்கிறது வெலிங்டன் என்னும் இராணுவக் குடியிருப்பு. 19ஆம் நூற்றாண்டில் பிரித்தானியர் தங்கள் சிப்பாய்கள் உடல் தேறுவதற்காகப் படைமுகாம் கட்டிய இடம் அது. இன்று மெட்ராஸ் ரெஜிமெண்டின் தலைமை நிலையமும், முப்படை அதிகாரிகள் படிக்கும் பாதுகாப்புச் சேவைகள் பணியாளர் கல்லூரியும் அங்கே இருக்கின்றன. பிரிவினைக்கு முன் அந்தக் கல்லூரி குவெட்டாவில் இருந்தது. குவெட்டா பாகிஸ்தானுக்குப் போனதால் 1947இல் இந்தியாவுக்கென வெலிங்டனில் தொடங்கினார்கள்.

இந்தக் கல்லூரிதான் விடையின் முதல் பாதி. முப்பது வயதைத் தாண்டிய அதிகாரிகள் ஏறத்தாழ ஒரு வருடப் படிப்புக்கு மனைவி பிள்ளைகளோடு இங்கே வருகிறார்கள். அதற்கு முன்னும் பின்னும் எல்லை, பாலைவனம், குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாத காவல் நிலைகள். இடையில் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருந்த அந்த ஒரு வருடம் மனதில் தங்கிவிடுகிறது. இருபது வருடம் கழித்து எங்கே போவது என்று பேச்சு வரும்போது முதலில் வாயில் வருவது இந்த ஊரின் பெயர்தான்.

பீல்ட் மார்ஷல் சாம் மானெக்ஷா இதற்கு நன்கு தெரிந்த உதாரணம். 1971 யுத்தத்தில் இந்திய இராணுவத்துக்குத் தலைமை தாங்கியவர். அமிர்தசரசில் பிறந்த பார்சி. வெலிங்டன் கல்லூரிக்கு ஒரு காலத்தில் தலைவராக இருந்தவர். 1973இல் ஓய்வுபெற்றதும் குன்னூரில் குடியேறி, 2008 ஜூன் 27 அன்று தனது 94ஆவது வயதில் வெலிங்டன் இராணுவ வைத்தியசாலையில் இறந்தார். அவரது அடக்கம்கூட உதகமண்டலத்தில்தான். முப்பத்தைந்து வருடம் என்பது ஒருவர் இராணுவத்தில் இருக்கும் காலத்தளவு நீளமானது. ஓய்வுக்குப் பிறகான வாழ்க்கையை அவ்வளவு பெரிதாக எண்ணித்தான் இவர்கள் இடம் பார்க்கிறார்கள்.

இந்திய இராணுவத்தில் கேணல் ஒருவர் 54 வயதில் ஓய்வுபெறுவது வழக்கமாக இருந்து வந்தது. பிரிகேடியர் 56, மேஜர் ஜெனரல் 58. கடைசியாக வாங்கிய சம்பளத்தில் பாதி ஓய்வூதியம். அவர் இறந்தால் மனைவிக்குக் குடும்ப ஓய்வூதியம். 2003இல் தொடங்கிய முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தில் கணவன், மனைவி இருவருக்கும் அட்டை உண்டு. மிலிட்டரி கேன்டீனில் அரிசி, சோப்பிலிருந்து குளிர்சாதனப் பெட்டி வரை சலுகை விலை. ஓய்வூதியம் வங்கிக்கு வந்துவிடும், அதை எங்கிருந்தும் எடுக்கலாம். வைத்தியசாலையும் கேன்டீனும் அப்படி அல்ல, பக்கத்தில் இருக்கவேண்டும். சின்ன மலையூர் ஒன்றில் இவை எல்லாம் ஒன்றாக இருப்பது அபூர்வம். விடையின் மற்றப் பாதி இதுதான்.

முடிவெடுப்பது பெரும்பாலும் மனைவிதான் என்கிறார் மச்சான். இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒரு தடவை இடமாற்றம் என்றால், ஓய்வுக்குள் பத்துப் பன்னிரண்டு வீடுகளைக் கட்டி இறக்கியிருப்பார்கள் அந்தப் பெண்கள். அவர்களை ஏமாற்ற முடியாது. கேற் வரைக்கும் அம்புலன்ஸ் வருமா, படி எத்தனை, வெயில் காலத்தில் எத்தனை நாளுக்கு ஒரு தடவை தண்ணீர் விடுகிறார்கள், மழைக்காலத்தில் சுவரில் பூஞ்சணம் பிடிக்குமா என்று கேட்பார்களாம். குன்னூரில் தண்ணீர்த் தட்டுப்பாடு பழைய பிரச்சினை. ஒரு அம்மா கணவருக்குக் கேட்காமல் மச்சானிடம் கேட்டாராம்: "நான் தனியா இருந்தா இந்த வீட்டுல சமாளிக்க முடியுமா?" கணவன் முந்திப் போய்விடுவான் என்று கணக்குப் போட்டு வீடு பார்க்கிறார்கள். அந்தக் கணக்கைப் போடக்கூடியதாக இருப்பதே குடும்ப ஓய்வூதியம் இருப்பதால்தான். வன்னியில், 2009இல் கணவனைக் கையால் ஒப்படைத்துவிட்டு, இருக்கிறான் என்றும் இல்லை என்றும் ஒரு கடதாசி இல்லாமல் இருக்கும் பெண்களை நான் அப்போது நினைத்தேன்.

மலை என்பதால் வேறு கேள்விகளும் உண்டு. வடகீழ்ப் பருவமழை குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளில் பலமாக அடிக்கும். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்ரிமீற்றர் மழை பெய்தது; நீலகிரி முழுவதும் மண் சரிந்து 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆகவே, விபரம் தெரிந்தவர்கள் காணியின் அழகைப் பார்க்கமாட்டார்கள், மேலே யார் மண்ணை வெட்டியிருக்கிறார்கள், ஓடை எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பார்கள். மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் வீதி மண்சரிவில் அடைபட்டால் கோயம்புத்தூரின் பெரிய வைத்தியசாலைகளும் தூரமாகிவிடும். காட்டெருமை வீட்டுத் தோட்டத்துக்குள் வரும். கோத்தகிரியில் கரடியும் வரும். மலைப்பகுதியில் கட்டடம் கட்டத் தனியான அனுமதி வேண்டும், நினைத்தபடி மாடி எழுப்ப முடியாது. இத்தனையும் தெரிந்தே வருகிறார்கள். எழுபத்தைந்தைத் தாண்டியதும் முழங்கால் நோவும் நெஞ்சு நோவும் வந்து, வீட்டை விற்றுவிட்டுக் கோயம்புத்தூருக்கு இறங்குபவர்களும் இருக்கிறார்கள். இறங்குவதும் அவர்களால் முடிகிறது.

நேபாளத்தில் இது தலைகீழாக நடந்தது. கூர்க்கா வீரர்கள் மலைக் கிராமங்களில் பிறந்தவர்கள். ஓய்வுபெற்ற பிறகு அவர்களின் குடும்பங்கள் பல, மலையை விட்டுத் தரான், பொக்காரா போன்ற நகரங்களுக்கு வந்து குடியேறின. ஓய்வூதியம் கொடுக்கும் அலுவலகமும் வைத்தியசாலையும் நல்ல பாடசாலையும் அங்கே இருந்தன. சமவெளிக்காரர் ஏறுகிறார், மலைக்காரர் இறங்குகிறார். இரண்டு பேரும் தேடிப் போவது ஒன்றைத்தான்.

இவ்வளவும் அதிகாரிகளின் கதை என்பதைச் சொல்லியாக வேண்டும். சாதாரண சிப்பாய் நாற்பது வயதை ஒட்டியே வெளியில் வந்துவிடுகிறார், பிள்ளைகள் இன்னும் பாடசாலையில். வங்கிக் காவலோ வேறு வேலையோ பார்த்தாக வேண்டும். வெலிங்டனில் பயிற்சி பெற்ற மெட்ராஸ் ரெஜிமெண்ட் சிப்பாய்க்கு நீலகிரிக் காணி விலை எட்டாது. அவர் பெரும்பாலும் தன் கிராமத்துக்கே திரும்புகிறார்.

வாசகர்கள் மனதில் வேறொரு கேள்வியும் எழும்பும், எனக்கும் எழும்பியது. 1987இல் இளம் கப்டனாக அமைதிப் படையில் வந்தவர்களுக்கு இப்போது அறுபதைத் தாண்டிவிட்டது. மச்சான் சிலோனில் பிறந்தவர் என்று தெரிந்ததும் முதியவர் ஒருவர், தானும் யாழ்ப்பாணத்தில் இருந்ததாகச் சொன்னாராம். பிறகு நெடுநேரம் ஒன்றும் பேசவில்லையாம். அங்கே இறந்த அவர்களின் வீரர்கள் ஏறத்தாழ 1,200 பேர். அந்த ஒக்டோபரில் எங்கள் பக்கத்தில் நடந்ததை இங்கே நான் எழுத வேண்டியதில்லை. அவரைச் சந்திக்க வருகிறாயா என்று மச்சான் கேட்டார். நான் போகவில்லை.

இதே மலைக்கு எங்கள் ஆட்களும் வந்தார்கள். 1964 ஒக்டோபர் 30 ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. மிச்சமிருந்த 150,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். தலைமன்னாரில் கப்பல் ஏறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பதிந்து, கடதாசியில் எழுதியிருந்த இடத்துக்குப் போனார்கள். இவர்களுக்கு வேலை கொடுக்கவென்று தமிழ்நாடு அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் திட்டம்தான் பின்னர் 1976இல் 'டான்டீ' என்ற கூட்டுத்தாபனமாக மாறியது. குன்னூர், கோத்தகிரி, கூடலூர் என்று அதன் தோட்டங்கள் இருக்கின்றன. சமவெளியில் கடனுதவியோடு குடியமர்த்தப்பட்ட சிலர், வெயிலும் தெரியாத வியாபாரமும் ஒத்துவராமல் தாங்களாகவே மலைக்கு ஏறி வந்ததும் உண்டு. கொழுந்து பறிக்கத் தெரியும், குளிர் பழக்கம். அதுவும் ஒரு தெரிவுதான். ஆனால், ஊர்க்காரருக்கு அவர்கள் இன்றைக்கும் 'சிலோன்காரங்க'.

அத்தை வேலை செய்தது ஒரு தனியார் தோட்டத்தில். அறுபதில் பேர் வெட்டினார்கள். சேவைக்காலப் பணம் கையில் கிடைத்தது, அது சின்ன மகளின் கலியாணத்தோடு முடிந்தது. இந்தியாவில் தொழிலாளர் ஓய்வூதியத்தின் ஆகக்குறைந்த தொகை 2014 முதல் மாதம் 1,000 ரூபாய். அத்தைக்கு வருவது அதைவிடக் கொஞ்சம்தான் கூட. லயத்து அறை வேலை செய்பவருக்கு உரியது என்பதால் அதையும் விடவேண்டும். மச்சானின் வீடு இரண்டு அறை, அதில் ஐந்து பேர்.

எங்கே இருக்கப் போகிறீர்கள் என்று கடைசியாகப் போனபோது அத்தையிடம் கேட்டேன். அவருக்கு ஏற்கெனவே ஒரு யோசனை இருந்தது. கோத்தகிரி அரசு ஆஸ்பத்திரிக்கு பஸ் போகிற ரோட்டோரமாக ஒரு அறை, படி ஏறக்கூடாது, தண்ணீர்க் குழாய் வாசலில் இருக்கவேண்டும், வாடகை மூவாயிரத்துக்கு மேல் போகக்கூடாது. பிரிகேடியர் வீடுகளுக்கு இடம் பார்த்துக் கொடுத்த மச்சான், இப்போது ஓய்வு கிடைக்கும் நாட்களில் இதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார். இரண்டு இடம் பார்த்தாயிற்று. ஒன்றில் படி அதிகம். மற்றதற்கு முன்பணமாக ஐம்பதாயிரம் கேட்கிறார்கள்.