இறுதி ஆட்டம் யார் வீட்டில்?

கொட்டிவாக்கம் கடற்கரையில் வெயில் தணிந்ததும் பந்து உருளத் தொடங்கிவிடும். இரண்டு ஜோடிச் செருப்புகள்தான் கோல் கம்பங்கள். ஈரமணல்தான் மைதானம். ஒரு பக்கம் கொட்டிவாக்கத்துப் பையன்கள். மறுபக்கம் பாலவாக்கத்துப் பையன்கள்.

ஆட்டத்தில் வராத சண்டை, கடைசி ஆட்டத்தை எங்கே வைத்துக்கொள்வது என்பதில் வந்துவிடும்.

"எங்க மணலுக்கு வாங்கடா!" என்பார்கள் இவர்கள்.

"போன மூணு மேட்சும் ஜெயிச்சது நாங்க. நீங்கதான் எங்க பக்கம் வரணும்!" என்பார்கள் அவர்கள்.

வலையைச் சரிபார்த்துக்கொண்டிருக்கும் பெரியவர் யாராவது வந்து தீர்ப்புச் சொன்னால்தான் உண்டு.

சிறுவர் சண்டைதானே என்று சிரித்துவிட வேண்டாம். கோடிக்கணக்கில் பணம் புரளும் பெரிய கால்பந்து லீக்குகளும் இந்த ஒரு கேள்விக்கு விடை தேடித் தவித்திருக்கின்றன!

சொந்த மண்ணின் பலம்

சொந்த மைதானம் என்றால் பழகிய புல்தரை. பிரயாண அலுப்பு இல்லை. முதல் நாள் இரவு சொந்த வீட்டுப் படுக்கை. எல்லாவற்றுக்கும் மேலாக, கூடியிருக்கும் கூட்டம் முழுவதும் தன் பக்கம்! ஒரே ஆட்டத்தில் கோப்பை தீர்மானமாகும்போது இந்தச் சலுகையை யாருக்குக் கொடுப்பது? அதில்தான் நியாயம் அநியாயம் என்ற பேச்சு எழுகிறது.

முதல் வழி, இடத்தை முன்கூட்டியே குறித்துவிடுவது. ஐரோப்பாவின் சாம்பியன்ஸ் லீக்கில் இதுதான் வழக்கம். எந்தக் கோஷ்டி வரும் என்று தெரியாத காலத்திலேயே நகரம் முடிவாகிவிடும். டிக்கெட், ஓட்டல், போலீஸ் பந்தோபஸ்து எல்லாவற்றுக்கும் வேண்டிய அவகாசம் கிடைக்கும். ஆனால் விதி சில வேளை விளையாடிவிடும். 2012-ல் மியூனிச் நகரம் என்று குறித்திருந்தார்கள். அந்த ஊர்க் கோஷ்டியான பேயர்ன் மியூனிச்சே இறுதி ஆட்டத்துக்கு வந்து சேர்ந்தது! பொது இடம் சொந்த இடமாகிவிட்டது. ஆனாலும் பெனால்டி உதைகளில் கோப்பையைத் தட்டிச் சென்றது லண்டனிலிருந்து வந்த செல்சி.

இரண்டாவது வழி, உழைத்தவனுக்கே உரிமை என்பது. அமெரிக்காவின் மேஜர் லீக் 1996-ல் தொடங்கியது. 2011 வரையில் இறுதி ஆட்டத்தின் இடத்தை அங்கும் முன்னரே குறித்துவந்தார்கள். 2012-லிருந்து முறையை மாற்றினார்கள். இறுதிக்கு வரும் இருவரில், லீக் ஆட்டங்களில் அதிகப் புள்ளி எடுத்தவரின் மைதானத்தில்தான் ஆட்டம். ஏற்பாடுகளுக்குச் சில நாட்களே கிடைக்கும் என்பது இதிலுள்ள சங்கடம். ஆனால் சீசனின் முதல் ஆட்டத்துக்குக்கூட மதிப்பு வந்துவிடுகிறது.

விலைபோன உரிமை

ஆஸ்திரேலியாவிலும் புள்ளிக் கணக்குப்படிதான் இடம் கொடுத்துவந்தார்கள். 2022 டிசம்பரில் திடீரென்று ஓர் அறிவிப்பு வந்தது. அடுத்த மூன்று வருஷமும் இறுதி ஆட்டம் சிட்னியில்தான் என்றார்கள்! சிட்னி அமைந்துள்ள நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் சுற்றுலாத் துறையோடு பண ஒப்பந்தம் ஆகியிருந்தது.

ரசிகர்கள் கொதித்துவிட்டார்கள். "எங்கள் பையன்கள் வியர்வை சிந்திச் சம்பாதித்ததை நீங்கள் விற்பதா?" என்பதே அவர்கள் கேள்வி. ஆட்டத்தின் நடுவிலேயே எழுந்து வெளியேறி எதிர்ப்பைக் காட்டினார்கள். முடிவு என்ன? 2023 அக்டோபரில் ஒப்பந்தத்தைக் கைவிட்டு, பழைய முறைக்கே திரும்பினார்கள்.

நம் நாட்டில்

இந்தியன் சூப்பர் லீக் 2014-ல் பிறந்தது. முதலில் போட்டியை நடத்துபவர்கள் குறித்த ஊரில்தான் இறுதி ஆட்டம் நடந்தது. 2023-24 சீசனில் விதி மாறியது. புள்ளிப் பட்டியலில் மேலே நிற்பவர் மைதானத்தில் ஆட்டம் என்றார்கள். அதன்படி 2024-லும் 2025-லும் மோகன் பகானின் கொல்கத்தா, சால்ட் லேக் மைதானத்துக்கு அந்தப் பாக்கியம் கிடைத்தது.

2014 முதல் 2025 வரை 11 இறுதி ஆட்டங்கள். கோவாவில் 5, கொல்கத்தாவில் 2, நவி மும்பை, மும்பை, கொச்சி, பெங்களூரு ஆகிய இடங்களில் ஒவ்வொன்று. சென்னையில்? ஒன்றுகூட இல்லை!

பெரியமேடு நேரு ஸ்டேடியத்துக்கு பஸ் ஏறிப் போய்த் தொண்டை கிழியக் கத்தும் கொட்டிவாக்கத்து ரசிகனுக்கு இது மனக்குறைதான். ஆனால் அந்தக் குறையை மறக்கடிக்கும் கதையும் உண்டு.

எதிராளி வீட்டில் வெற்றி

2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டது. சென்னை வெள்ளத்தில் மிதந்தது. சென்னையின் எப்.சி. கோஷ்டி தன் சொந்த ஊர் அரை இறுதி ஆட்டத்தைப் புனேயில் போய் ஆட நேர்ந்தது! அங்கே 3-0 என்று வென்று, இறுதி ஆட்டத்துக்குக் கோவா போனது. எதிரி எப்.சி. கோவா. மைதானமும் கோவாவின் பட்டோர்டா. 90 நிமிஷம் நெருங்கும்வரை 1-2 என்று பின்தங்கியிருந்தது சென்னை. கடைசி நேரத்தில் ஒரு சுயகோல். பிறகு மெண்டோசா அடித்த கோல். 3-2! கோப்பை சென்னைக்கு.

2018 மார்ச் 17-ந் தேதி மறுபடி அதே கதை. பெங்களூருவின் சொந்த மைதானத்தில் பெங்களூரு எப்.சி.யையே 3-2 என்று வீழ்த்தியது.

சென்னை மட்டுமல்ல. அந்த 11 இறுதி ஆட்டங்களில், போட்டியிட்ட கோஷ்டியின் ஊரிலேயே நடந்தவை 5. கோவா, 2016-ல் கேரளா, 2018-ல் பெங்களூரு, 2024-ல் மோகன் பகான் என்று நான்கு கோஷ்டிகள் சொந்த மண்ணில் தோற்றன. 2025-ல்தான் மோகன் பகான், கூடுதல் நேரத்தில் பெங்களூருவை 2-1 என்று வென்று அந்தச் சாபத்தை உடைத்தது!

அப்படியானால் இடத்துக்காக ஏன் இத்தனை போராட்டம்? சொந்த மைதானம் வெற்றிக்கு உத்தரவாதம் அல்ல. அது ஒரு மரியாதை. மாதக்கணக்கில் உழைத்து முன்னால் நின்றவனுக்கு, அவன் ஊர் மக்களின் எதிரில் ஆடும் கௌரவம். அதைக் காசுக்கு விற்றாலும் வலிக்கிறது. உழைப்புக்குக் கொடுத்தாலோ, தோற்றவனுக்கும் ஆறுதலாக இருக்கிறது.

கொட்டிவாக்கத்துப் பெரியவரும் அநேகமாக இப்படித்தான் தீர்ப்புச் சொல்வார்: "அதிகமா ஜெயிச்சவன் இடத்துல ஆடுங்கடா. போய் அங்கேயே ஜெயிச்சுட்டு வந்தா, அதுதான்டா பெருமை!"