செய்யாறு ஷூவும் தைவான் பாடமும்

திருவண்ணாமலைன்னா கிரிவலம்தான் நினைவுக்கு வரும். ஆனா இதே மாவட்டத்துல, செய்யாறு சிப்காட்டில், நைக்கி ஷூ தயாராகுது. தயாரிப்பது தைவானின் ஃபெங் டே குழுமம். வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் சுற்றுவட்டார கிராமத்துப் பெண்கள்.

ஒரு பொருத்தம் பாருங்க: ஃபெங் டே, சிப்காட் இரண்டுமே 1971இல் தொடங்கியவை. அன்று தைவான், வெளிநாட்டு பிராண்டுகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுத்த நாடு. தைத்தபடியே அச்சு, சோல், இயந்திரம் எல்லாத்தையும் உள்ளூரிலேயே செய்யக் கற்றுக்கொண்டது. கூலி ஏறியதும் தையலை வெளியே அனுப்பிவிட்டு, ஷூவை உருவாக்கும் ஆராய்ச்சி வேலையைத் தன்னிடம் வைத்துக்கொண்டது.

தொழிற்கொள்கைக்கு என் அளவுகோல் இதுதான்: எத்தனை பேருக்கு வேலை என்பதோடு, வித்தை யார் கைக்கு வந்து சேருது? 1960களில் தென்கொரியா மலிவுக் கடன் கொடுத்தது. பதிலுக்கு ஏற்றுமதி இலக்கையும் வைத்தது. சலுகை சும்மா கிடைக்கல.

இங்கே, 2023இல் மேல்மா சிப்காட் விரிவாக்கத்துக்கு நிலம் தர மறுத்துப் போராடிய விவசாயிகள் சிலர் மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. எதிர்ப்பு எழுந்ததும் அரசு பின்வாங்கியது. நிலத்தைக் கேட்கும் அதே உறுதியோட, நிறுவனங்களிடம் உள்ளூர் உதிரிபாகம், உள்ளூர் டிசைன் வேலை என்று கேட்கிறோமா? இங்கேயும் கூலி ஏறி, தையல் வேறு நாட்டுக்குப் போகும் நாளில் செய்யாறில் மிஞ்சப்போவது அந்தக் கேள்வியின் பதில்தான்.