முசுறும் அதன் வேடதாரியும்

நம் வளவுகளில் மாவிலும் பூவரசிலும் வாழும் முசுற்றை அறியாதார் இலர். அதனை நின்று நோக்கினாரோ மிகச் சிலர். சங்கச் செய்யுளில் முயிறு என வருவதும் இதுவே. மாமரத்தின்கீழ் நின்று கழுத்தைத் தட்டிக்கொண்ட நாளைப் பழைய மாணவரும் மறந்திரார். முசுறு கொட்டுவதில்லை, தாடையாற் கடித்து, அக்காயத்தில் வயிற்று நுனியினின்றும் போமிக்கமிலத்தைத் தெளிக்கின்றது. எரிவு அதனாலாயது. இதற்கஞ்சிக் கூட்டை எரிப்போர், மாவைக் கெடுக்கும் பூச்சிகள் பலவற்றை வேட்டையாடுவதும் அதுவே என்பதை நினைப்பதில்லை. சீனத்தார் தம் தோடை மரங்களைக் காக்க இக்கூடுகளை விலைகொடுத்து வாங்கிக் கட்டினர்.

கூடு பச்சையிலையால் ஆயது. வேலையெறும்புகள் வரிசையாக நின்று இலை விளிம்பைக் கௌவி இழுக்கும். இடைவெளி பெரிதாயின் ஒன்றன் இடையை மற்றொன்று பற்றித் தொடராகும். விளிம்புகள் அணைந்தபின், வேறு சில எறும்புகள் இளம்புழுக்களை வாயிற் கொணர்ந்து, தறியில் நாடா ஓடுமாறுபோல இங்குமங்கும் அசைக்கும். புழு சுரக்கும் பட்டிழையே இலைகளைப் பிணிக்கின்றது. வேறு பல எறும்பினங்களின் புழுக்கள் தமக்கு உறை நெய்யும் பட்டினை, இவை குடி முழுமைக்கும் ஈந்துவிடுகின்றன.

இதனைப் படம் பிடிக்க விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. கைத்தொலைபேசியின் முன் பொருத்தும் சிறிய உருப்பெருக்கும் வில்லை போதும். ஆயின் அவ்வண்மையில் தெளிவாக விழும் ஆழம் 1 மில்லிமீற்றர் அளவினதே. கண் தெளிந்தால் வயிறு மங்கும். ஆகவே எறும்பின் பக்கத்துக்கு இணையாகக் கருவியைப் பிடித்தல் வேண்டும். முழங்கையை உடலோடு அணைக்க, கிளையைத் தீண்டற்க, மூச்சும் அதன்மேற் படற்க. ஓடும் எறும்பை விட்டு, இலையை இழுத்து நிற்பதனையே நாடுக. இருபது படத்துள் ஒன்று தேறினும் நன்றே.

எடுத்த படத்தைப் பெருப்பித்துக் கால்களை எண்ணுக. ஆறாயின் முசுறு. எட்டாயின், அது முசுற்றின் கோலங்கொண்ட சிலந்தி! இலங்கையிலும் இந்தியாவிலும் உள்ள இத் தத்துச்சிலந்தி, நிறத்தாலும் ஒடுங்கிய இடையாலும் நடையாலும் முசுற்றை ஒக்கும். முன்காலிரண்டையும் உயர்த்தி உணர்கொம்புபோல ஆட்டும். தலையின் இருமருங்கும் உள்ள கரும்புள்ளிகள் எறும்பின் கண்களாகத் தோன்றும். ஆணின் தாடை மிக நீண்டிருத்தலின், சிற்றெறும்பொன்றைக் கௌவிச் செல்லும் முசுறாகவே அது காணப்படும். முசுற்றைத் தீண்ட அஞ்சும் பகையுயிர்களினின்றும் தப்புதற்கே இவ்வேடம். வேடம் முசுற்றிடம் செல்லாதுபோலும். உண்மை முசுறு நெருங்கினாற் சிலந்தி விலகியோடும், இடமின்றேல் இழைவிட்டுக் கீழிறங்கும். அவ்விழையும் படத்தில் விழவேண்டுமாயின், காலையில் எதிர்வெயில் நோக்கி நின்று எடுக்க.