கனவுப் பேனா பெங்களூருவில், வழக்கு தர்மபுரியில்

தர்மபுரி மாவட்டம் காரிமங்கலத்தின் செவ்வாய்ச் சந்தையில் தேங்காய் வாங்குகிறவர்கள் ஒவ்வொரு காயையும் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்த பிறகுதான் காசை எடுக்கிறார்கள். அதே ஊரில் முப்பதாயிரம், நாற்பதாயிரம் ரூபாய் சேர்த்து வைத்து ஒரு நல்ல இங்க் பேனா வாங்க நினைப்பவருக்கு அந்த வசதி எளிதில் கிடைப்பதில்லை. நிப்பை மையில் தொட்டு நாலு வரி எழுதிப் பார்க்க வேண்டுமென்றால் கிருஷ்ணகிரி, ஓசூர் தாண்டி பெங்களூருக்குப் போக வேண்டும், இல்லையென்றால் சென்னைக்கு. அவ்வளவு தூரம் போக முடியாதவர் செல்போனில் படத்தைப் பார்த்துப் பணம் கட்டிவிடுகிறார். பணி ஓய்வுப் பணத்தில் தனக்கென்று ஒன்று வாங்கும் ஆசிரியர், மகளுக்குப் பட்டமளிப்புப் பரிசு தேடும் அப்பா என்று வாழ்நாளில் ஒருமுறை வாங்குகிறவர்களே இவர்களில் பலர். ஏமாந்தால் போவது பணம் மட்டுமா?

தூரத்தில் வாங்கியதால் தூரத்துக்குப் போய்த்தான் வழக்குப் போட வேண்டும் என்ற பயம் இனி வேண்டாம். 1986-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி விற்றவர் தொழில் நடத்தும் இடத்திலோ, பிரச்சினை எழுந்த இடத்திலோதான் புகார் கொடுக்க முடிந்தது. 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இதை மாற்றியது. வாங்கியவர் குடியிருக்கும் இடத்தில், அல்லது வேலை பார்க்கும் இடத்திலேயே வழக்குத் தொடரலாம். காரிமங்கலத்துக்காரர் பெங்களூரு கடையில் வாங்கினாலும், டெல்லி விற்பனையாளரிடம் இணையத்தில் வாங்கினாலும், தர்மபுரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். சிற்றூர்க்காரர்களுக்கு இந்தச் சட்டம் தந்த பெரிய வரம் இதுதான். இவ்வளவு பேருக்கு இது தெரியாமல் இருப்பதுதான் வருத்தம்.

அந்த உரிமையைப் பயன்படுத்தக் கையில் பில் வேண்டும். பில் தர மறுப்பதையே நியாயமற்ற வணிக முறை என்று சட்டம் சொல்கிறது. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று அச்சடித்திருந்தாலும், பழுதுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுக்க முடியாது. பில்லில் குறிப்பிட்ட காலத்துக்குள் அதை வாங்கியாக வேண்டும். காலம் எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாள் என்று சட்டமே வரையறுத்திருக்கிறது.

பில்லில் என்ன எழுதியிருக்கிறது என்பது அடுத்த கேள்வி. வெறுமனே "பேனா - 1" என்று இருந்தால் அது பாதி பில்தான். கம்பெனி, மாடல், நிப்பின் அளவு, நிப்பு எந்த உலோகம், மை நிரப்பும் முறை ஆகிய எல்லாமே இருக்க வேண்டும். நிப்பின் உலோகம் விஷயத்தில் பலரும் ஏமாறுகிறார்கள். 14 காரட் நிப்பில் 585 என்றும், 18 காரட் நிப்பில் 750 என்றும் பொறித்திருப்பார்கள். ஆயிரத்தில் அத்தனை பங்கு தங்கம் என்று பொருள். நகைக்கடையில் ஹால்மார்க் பார்த்துப் பழகியவர், இங்கேயும் யாரோ சோதித்து முத்திரை குத்தியிருப்பார்கள் என்று நம்பிவிடுகிறார். 2021 ஜூனில் கட்டாய ஹால்மார்க் நடைமுறைக்கு வந்தபோது கைக்கடிகாரங்களுக்கும் இங்க் பேனாக்களுக்கும் மத்திய அரசு விலக்கு அளித்தது. ஆகவே நிப்பில் இருக்கும் எண்ணுக்குப் பொறுப்பு தயாரித்தவரும் விற்றவரும்தான். முலாம் பூசிய எஃகு நிப்பைத் "தங்க நிப்பு" என்று சொல்லி விற்பவர், "14 காரட் தங்கம்" என்று பில்லில் எழுதச் சொன்னால் தயங்குவார். அந்தத் தயக்கத்தைக் கவனித்தாலே போதும். நிறத்தை மட்டும் வைத்தும் முடிவு செய்யக் கூடாது. 1966 முதல் வரும் லாமி 2000 பேனாவின் நிப்பு 14 காரட் தங்கம்தான். மேலே பிளாட்டினம் பூசியிருப்பதால் வெள்ளையாகத் தெரியும்.

வெளிநாட்டுப் பேனா என்றால் பெட்டியின் அடியைத் திருப்பிப் பாருங்கள். இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, எந்த நாட்டுத் தயாரிப்பு, அதிகபட்ச சில்லறை விலை, புகார் சொல்ல வேண்டிய தொலைபேசி எண் ஆகியவை அச்சிட்டு ஒட்டியிருக்க வேண்டும் என்கின்றன 2011-ஆம் ஆண்டு எடையளவு விதிகள். அந்த ஸ்டிக்கர் இல்லையென்றால் சரக்கு முறையான வழியில் வரவில்லை என்று சந்தேகப்படலாம். பேனா அசலாகவே இருந்தாலும், இந்தியாவில் வாரண்டி கேட்கப் போகும்போது சிக்கல் வரும். போலி என்றால் கேட்கவே வேண்டாம். பார்க்கர், லாமி, மோன்ட் பிளாங்க் ஆகிய மூன்றுக்குமே போலிகள் தாராளமாக உலவுகின்றன. போலி வணிகக் குறி ஒட்டிய சரக்கை விற்பவருக்கு 1999-ஆம் ஆண்டு வணிகக் குறிச் சட்டப்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆனால் "ஃபர்ஸ்ட் காப்பி" என்று தெரிந்தே வாங்கியவர், ஏமாந்துவிட்டேன் என்று பிறகு முறையிட முடியாது.

விலை ஏற ஏற எழுத்தும் உயரும் என்ற நம்பிக்கையும் ஒரு ஆபத்துதான். 2009-இல் மோன்ட் பிளாங்க் நிறுவனம் காந்தி பெயரில் 241 பேனாக்கள் கொண்ட ஒரு வரிசையை வெளியிட்டது. தண்டி யாத்திரையின் மைல் கணக்கு அது. ஒன்றின் விலை 11.39 லட்சம் ரூபாய்! கேரளத்தைச் சேர்ந்த ஒரு நுகர்வோர் கல்வி அமைப்பு, சின்னங்களையும் பெயர்களையும் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்கும் 1950-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி உயர் நீதிமன்றம் போனது. 2010-இல் இந்தியாவில் அந்த விற்பனை நின்றது. காந்திக்கு ராஜமகேந்திரவரத்தில் கே.வி. ரத்னம் உள்ளூரிலேயே செய்து கொடுத்த பேனாவும், அதற்கு 1935-இல் காந்தி எழுதிய நன்றிக் கடிதமும் இந்த இடத்தில் நினைவுக்கு வராமல் போகாது. தாராளமாகச் செலவு செய்வதில் தவறே இல்லை. எதற்குச் செலவு செய்கிறோம் என்று தெரிந்திருந்தால் சரி. எழுதும் சுகத்தைத் தருவது நிப்பின் நுனியில் பற்றவைத்த கடினமான உலோகப் பொட்டும், அதைத் தேய்த்த கையின் நேர்த்தியும். மூடியில் பதித்த கல்லுக்கும், பெட்டியில் வரும் எண்ணிட்ட சான்றிதழுக்கும் அதில் பங்கு கிடையாது.

திருவள்ளூர் ரங்கா பேனாக்கள் இங்கே கவனிக்கத்தக்கவை. எபோனைட் என்னும் கெட்டி ரப்பர்க் கட்டையைக் கடைசல் பிடித்துக் கையால் செய்கிறார்கள். நீளம், பருமன், நிப்பு என வாங்குபவர் விருப்பப்படி கேட்கலாம். சொல்லிச் செய்யும் எந்தப் பேனாவுக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. நிறம் பிடிக்கவில்லை என்ற காரணத்துக்காகத் திருப்பிக் கொடுக்க முடியாது. கேட்ட அளவில் இல்லை என்றால் கேள்வி கேட்க முடியும். அதனால் அளவுகளையும், முன்பணத்தையும், தரும் தேதியையும் தொலைபேசியில் பேசி முடிக்காமல் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

நேரில் வாங்கினால் பணம் கட்டும் முன்பே சோதனை முடிந்துவிட வேண்டும். பூதக்கண்ணாடியில் நிப்பின் இரண்டு இதழ்களும் சமமட்டத்தில் இருக்கின்றனவா, நடுப் பிளவு நுனியை நோக்கி ஒரே சீராகக் குறுகுகிறதா என்று பார்க்க வேண்டும். மையில் தொட்டு எட்டு எட்டாகப் போட்டுப் பார்த்தால் எந்தத் திசையில் கீறுகிறது என்று தெரிந்துவிடும். தமிழுக்கு இது ரொம்பவே முக்கியம். சுழியும் வளைவும் நிறைந்த எழுத்துக்கு எல்லாப் பக்கமும் வழுக்கிச் செல்லும் நிப்பு வேண்டும். தடித்த நிப்பு என்றால் ண, ன சுழிகள் அடைத்துக்கொள்ளும்.

எது பழுது, எது அமைப்பு என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பைலட் கஸ்டம் 823 பேனாவில் சில பக்கங்கள் எழுதியதும் மை நின்றுபோகும். பலர் இதைக் குறை என்று நினைத்துப் புகார் எழுதிவிடுகிறார்கள். வால் பக்கத் திருகை இறுக்கினால் மை அறை அடைத்துக்கொள்ளும் அமைப்பு அது. கொஞ்சம் தளர்த்தினால் மை வரும். அதே சமயம், புதுப் பேனாவின் மூட்டில் மை கசிந்தால் அது சந்தேகமில்லாமல் பழுது. கீழே விழுந்து வளைந்த நிப்பையும், கடைக்கு வெளியே வேறொருவரிடம் தேய்த்து வாங்கிய நிப்பையும் வாரண்டி ஏற்காது.

இணையத்தில் வாங்கினால் பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்துவிடுங்கள். சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, ஆனால் வேறு சாட்சி அப்போது இருக்காது. விளம்பரப் பக்கத்தையும் படமெடுத்து வைக்க வேண்டும். பிறகு அது மாறிவிடக்கூடும். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். அங்கே நியாயம் கிடைக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் முடியாவிட்டால்தான் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இணையம் வழியாகவே மனு போடலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். போலியா அசலா என்ற சர்ச்சை வந்தால் பேனாவை ஆய்வகத்துக்கு அனுப்பவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அதனால் சந்தேகப்பட்ட பேனாவை உள்ளூரில் பிரித்துப் பார்க்கவே கூடாது.

பணம் கட்டியதும் விற்றவர் காணாமல் போனால் அது நுகர்வோர் வழக்கை விட அவசரமானது. உடனே இணையக் குற்ற உதவி எண் 1930-க்கு அழைக்க வேண்டும். பணம் கைமாறிப் போவதற்குள் கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு. "உங்கள் பேனா கஸ்டம்ஸில் நிற்கிறது, வரியை இந்த எண்ணுக்கு அனுப்புங்கள்" என்று தனி நபரின் யூபிஐ கணக்கைக் காட்டினால் மோசடிதான். சுங்கத் துறை அனுப்பும் கடிதத்தில் ஆவண அடையாள எண் இருக்கும். அது உண்மையா என்று துறையின் இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.

தொழிலாக விற்காத ஒருவர் தன் பழைய பேனாவை விற்கும்போது ஆணையத்தின் கதவு எளிதில் திறக்காது. அங்கே ஏமாற்று நடந்தால் பாரதிய நியாய சன்ஹிதா 318-ஆம் பிரிவின்படி காவல் நிலையத்தில் புகார் கொடுப்பதே வழி. பழைய பேனா தேடுபவர், முழுத் தொகையையும் முன்னதாக அனுப்பாமல், நேரில் எழுதிப் பார்த்து, பெயரும் தேதியும் போட்ட ஒரு ரசீதாவது வாங்கிக்கொண்டு பணம் கொடுப்பதே பாதுகாப்பு.